எதிர்த்தரப்பு நாற்காலி

நபீல் தானாகவே முன்வந்து இஸ்ரேலின் தரப்பில் பேசினான் என்று அதிகாரியிடம் சொன்னவன் நான். அது பொய். அவனைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த நாற்காலியில் உட்காரவைத்தவனும் நான்தான்.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதுதான்... முகம் தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு இந்த வயதிலும் எனக்கு வரவில்லை.

நபீல் யார் என்று கேட்பீர்கள். காஸாவில் பிறந்த பாலஸ்தீனியன். எண்பதுகளின் நடுவில் ஷார்ஜாவில் நாங்கள் இருவரும் ஒரே கட்டட நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவன் வரைபடப் பிரிவில் இருந்தான். நான் அலுவலக நிர்வாகத்தில். நான் யாழ்ப்பாணத்தான். அவனிடம் கடவுச்சீட்டு இல்லை. எகிப்து அரசு கொடுத்த பயணப் பத்திரம் ஒன்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள்ளேயே போக முடியாது என்பதை ஒரு பகிடி போலச் சொல்லிச் சிரிப்பான்.

எங்களை நெருங்கவைத்தது வானொலி. மதிய இடைவேளையில் அவன் அரபுச் செய்தி கேட்பான். நான் ஊர்ச் செய்தி கிடைக்குமா என்று அலைவரிசையைத் திருகிக்கொண்டிருப்பேன். பிறகு இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம்.

“உன் ஊரில் இன்று என்ன?”

“ஷெல் அடி. உன் ஊரில்?”

“ஊரடங்கு.”

மற்றவர்கள் மழை வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வதைப் போல நாங்கள் இதைப் பேசிக்கொண்டோம். அப்போது என் மனைவி வதனியும் மகனும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விசா எடுத்துத் தருவதாக எங்கள் கஃபீல் வாக்குக் கொடுத்திருந்தார். கஃபீல் என்றால் எங்கள் எல்லோருடைய விசாவுக்கும் பொறுப்பான உள்ளூர் முதலாளி. அவர் கையெழுத்து இல்லாமல் அந்த மண்ணில் ஒருவன் வரவும் முடியாது, இருக்கவும் முடியாது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் “இன்ஷா அல்லா, அடுத்த மாதம்” என்பார். அந்த அடுத்த மாதம் வந்ததே இல்லை.

அந்த ஆண்டில்தான் பூட்டானில் எங்கள் இயக்கங்களுக்கும் இலங்கை அரசுக்கும் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. நான் நொந்துபோனேன். யார் எதைச் சொன்னார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள், இன்னொரு வார்த்தையைப் போட்டிருந்தால் இருந்திருப்பார்களா என்று நாள் முழுக்க அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஷார்ஜாவில் எங்களைப் போன்ற அலுவலக ஊழியர்கள் சேர்ந்து ஒரு பேச்சு மன்றம் நடத்தினோம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆங்கிலத்தில் வாதாடுவோம். நான்தான் செயலாளர். அந்தப் பதவியில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தையை மேடையில் நடத்திக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. இரு தரப்பு, நடுவில் ஒரு சமாதானத் தூதர். தூதர் நான்.

எங்கள் நாட்டுப் பேச்சையே மேடையேற்றியிருக்கலாம் அல்லவா? அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் மன்றத்தில் சிங்களவர்கள் இருந்தார்கள். தூதரகத்துக்குச் செய்தி போனால் என் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும் என்று பயந்தேன். ஆகவே என் துயரத்தை மடித்து வைத்துவிட்டு, நபீலின் துயரத்தை எடுத்து விரித்தேன். கோழைத்தனம் அங்கேயே தொடங்கிவிட்டது, பார்த்தீர்களா?

பாலஸ்தீனத்தின் தரப்பில் பேச ஆள் உடனே கிடைத்தான். கணக்குப் பிரிவில் இருந்த செல்வராஜ், புதுக்கோட்டைப் பக்கத்தவன். ஊரில் கட்சி மேடைகளில் முழங்கிப் பழகியவன்.

“சார், அந்தப் பக்கம் நான் பேசுறேன். மைக்க மட்டும் கையில குடுங்க, மத்தத நான் பாத்துக்குறேன்” என்றான்.

மற்ற நாற்காலிக்கு, இஸ்ரேலின் தரப்புக்கு, எவரும் வரவில்லை. வருவார்களா? எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிய உலகப் படத்திலேயே அந்த நாட்டின் பெயர் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகள் அந்தப் பெயரை அச்சிடுவதில்லை. அந்தப் பெயரின் பின்னால் போய் உட்கார எந்த வெளிநாட்டான் துணிவான்?

நான் நபீலிடம் போனேன்.

“உனக்கு விசரா?” என்ற பொருளில் என்னைப் பார்த்தான். வரைபட மேசையிலிருந்து பென்சிலை எடுக்காமலே, “ஹனான் கேட்டால் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்” என்றான். ஹனான் அவன் மனைவி. ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. அவர்களுக்கு நடை பழகும் வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

“அவர்கள் என்ன சொல்வார்கள் என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எங்களில் ஒருவன் பேசினால் அது கேலிக்கூத்தாகிவிடும். நீ பேசினால்தான் அது பேச்சுவார்த்தை.”

“யாராவது தவறாக நினைத்தால்?”

“நமக்குள் நடக்கும் நாடகம். எதுவானாலும் நான் பொறுப்பு.”

எதுவானாலும் நான் பொறுப்பு... இப்படித்தான் சொன்னேன். செல்வராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நபீல் சில நாட்கள் மறுத்தான். நான் விடவில்லை. தேநீர் குடிக்கும்போது கேட்டேன். கார் தரிப்பிடத்தில் கேட்டேன். என் மனைவிக்கு விசா வராத கவலையில் இருக்கிறேன், இந்த ஒரு காரியமாவது சரியாக நடக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். அதற்குத்தான் அவன் இணங்கினான் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர்களை எங்கே தொட்டால் இளகுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் அலுவலகத்து அரபு ஊழியர்கள் சிலரும் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களை அழைத்ததும் நான்தான்.

செல்வராஜ் முழங்கினான். நிலம் என்றான், ரத்தம் என்றான், வரலாறு என்றான். கைதட்டல் எழுந்தது.

பிறகு நபீல் எழுந்தான். குரலை உயர்த்தவே இல்லை. கடன் விண்ணப்பத்தை மறுக்கும் வங்கி மேலாளர் பேசுவதைப் போலப் பேசினான்.

“நீங்கள் நிலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் என் பிள்ளைகளின் உறக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். எங்களை வேண்டாம் என்று துரத்திய இடங்களிலிருந்து வந்தவன் நான். என் கதவை எவனும் உடைக்க மாட்டான் என்று உங்களால் உத்தரவாதம் தர முடியுமா? முடியாது. ஆகையால் உங்கள் வீட்டுச் சாவி என்னிடமே இருக்கட்டும். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் பிள்ளைகள் தெருவில் நிற்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் என் பிள்ளைகள் முதலில்.”

தூதர் என்ற முறையில் நான் குறுக்கிட்டேன். எல்லைகளைப் பற்றி, சர்வதேச மாநாட்டைப் பற்றி, வல்லரசுகளின் உத்தரவாதத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவைத்தேன். அவன் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டான். “அதைப் பரிசீலிப்போம்” என்றான். “காலம் கனியட்டும்” என்றான். “முதலில் பாதுகாப்பு, பிறகு மற்றவை” என்றான். செல்வராஜுக்குச் சொற்கள் தீர்ந்துபோயின. அப்போதுதான் அது நாடகம் இல்லை என்று எனக்குப் பட்டது. இந்தக் குரலை அவன் சோதனைச் சாவடிகளிலும் அனுமதிச்சீட்டு அலுவலகங்களிலும் பல ஆண்டுகள் நின்று கேட்டிருக்கிறான்.

பின்வரிசையிலிருந்து இருவர் எழுந்து வெளியே போனார்கள். நான் கவனித்தேன். கவனித்தும் நிறுத்தவில்லை. கூட்டம் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததே... அந்தச் சுகம்.

முடிந்ததும் வெளியே வந்தோம். நபீலின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

“உனக்குத் திருப்தியா?” என்றான்.

“மிகவும்.”

“எனக்கு வாய் கழுவ வேண்டும்” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தேடிப் போனான்.

அடுத்த வாரம் கஃபீல் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். உள்ளே சாதாரண உடையில் ஓர் அதிகாரி அமர்ந்திருந்தார். எனக்குத் தேநீர் வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவரும் என்னை மிரட்டவில்லை. குரல் உயர்த்தவில்லை. மேசையின் ஓரத்தில் வதனிக்கும் மகனுக்குமான விசாப் பத்திரங்கள் கையெழுத்துக்காகக் கிடந்தன. அவற்றை யாரும் எனக்குச் சுட்டிக்காட்டவும் இல்லை. நானாகத்தான் பார்த்தேன்.

“ஒரு பாலஸ்தீனியன், அந்தத் தரப்புக்காக, இத்தனை பேர் முன்னால் பேசியிருக்கிறான். நன்றாகவும் பேசியிருக்கிறான் என்கிறார்கள்” என்றார் அதிகாரி. “அவனை அப்படிப் பேசச் சொன்னது யார்?”

எளிய கேள்வி. ‘நான்தான், ஐயா. அது வெறும் நாடகம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கண்டிப்போடு விட்டிருக்கலாம். மன்றத்தை மூடியிருக்கலாம். என்னைக் கொழும்புக்கு விமானம் ஏற்றியிருக்கலாம். எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் கேட்டும் பதில் வராத கேள்வி அது.

நான் சொன்னேன்: “யாரும் சொல்லவில்லை. அவராகவே கேட்டார்.”

அதோடு நிறுத்தியிருந்தால் பயத்தில் வந்த பொய் என்றாவது ஆறுதல் தேடலாம். நிறுத்தவில்லை. தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, எவரும் கேட்காமலே இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தேன்.

“எனக்கே அது வித்தியாசமாகத்தான் பட்டது.”

அந்த இரண்டாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது? என்னை நம்ப வேண்டும், என்னை நல்லவர்கள் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நான் காணிக்கையாகக் கொடுத்த வாக்கியம் அது. முதல் பொய்க்கு என் மனைவியையும் மகனையும் காரணமாகக் காட்டலாம். இரண்டாவதற்கு எவரைக் காட்டுவது? நபீல் மேடையில் யாரோ ஒருவனாக நடித்து எதைச் சொன்னானோ, அதை நான் நடிக்காமலே, குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, செய்து காட்டிவிட்டேன்.

அதிகாரி போன பிறகு கஃபீல் பத்திரங்களை இழுத்துக் கையெழுத்திட்டார். “பாலா, நீ நல்ல ஆள். முஷ்கில் மாஃபி. ஒரு பிரச்சினையும் இல்லை. யல்லா, வேலையைப் பார்” என்றார்.

அந்த வாரமே நபீலைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவன் மேசையில் பாதி வரைந்த மாடிப்படி ஒன்று கிடந்தது. அதை வேறொருவன் வரைந்து முடித்தான். செல்வராஜ் என்னைத் தண்ணீர்க் குழாய் அருகே மறித்தான்.

“சார்... நீங்கதான அவரக் கெஞ்சிக் கூப்பிட்டீங்க. நான் பக்கத்துலயே நின்னேனே. அத ஆபீஸர்ட்ட சொன்னீங்களா?”

“சொன்னனான்.”

“அப்ப சரி சார். உண்மையச் சொல்லிட்டீங்கல்ல. அதுக்கு மேல நாம என்ன பண்றது?”

அவன் நிம்மதியாகப் போனான். அவனும் எங்காவது போய் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்தப் பொய் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நபீலைக் கெய்ரோவுக்கு விமானம் ஏற்றினார்கள். அவன் சொன்ன பகிடி பலித்தது. எகிப்து அவனை உள்ளே விடவில்லை. விமான நிலையத்திலேயே கிடந்தான். பிறகு அம்மான், அங்கும் விடவில்லை. எங்கெங்கோ அலைந்து கடைசியில் சனாவில், யேமன் நாட்டில், இறங்கவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஹனானுக்குத் தன் பள்ளியின் விசா இருந்தது. கல்வியாண்டு முடியும்வரை அவள் இருக்கலாம். அதன் பிறகு அவளும் போக வேண்டும்.

இதற்கிடையில் வதனியும் மகனும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகன் என்னை அடையாளம் தெரியாமல் அழுதான். நானும் அழுதேன். எந்த அழுகை எதற்காக என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஹனான் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். அவளுடைய சொந்தக்காரர் எவரும் அந்த ஊரில் இல்லை. இருந்த அரபுக் குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டன. அப்படி ஒரு காரியம் செய்தவனின் மனைவி அல்லவா? கணவனின் நண்பன் என்று அவளுக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வதனிக்கு அரபு தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. எப்படியோ இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்து சமைத்தார்கள். பிள்ளைகள் இருவரும் தரையில் உருண்டார்கள்.

“பாவமப்பா அந்தப் பிள்ளை. எங்களை மாதிரித்தானே அவையும். ஆரோ அவளின்ர மனுசனைப் பற்றிப் பொய் சொல்லிப்போட்டினமாம். அப்பிடிச் சொன்னவனுக்கும் பிள்ளை குட்டி இருக்குந்தானே?” என்றாள் வதனி.

நான் கறியில் உப்புக் குறைவு என்றேன்.

அதைவிடக் கொடுமை ஹனானின் நன்றி. நான் நபீலுக்காக அங்கும் இங்கும் ஓடுவதாகக் காட்டிக்கொண்டேன். மனுக்கொடுத்தேன் என்றேன், தெரிந்தவர்களைப் பார்த்தேன் என்றேன். ஒன்றும் செய்யவில்லை. அவள் தன் நெஞ்சில் கை வைத்து, “அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும், சகோதரரே” என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்த நேரம், தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே நபீலின் குரல்.

“பாலா. ஹனான் பக்கத்தில் இருக்கிறாளா?”

“சமையலறையில். கூப்பிடவா?”

“பொறு. முதலில் உன்னோடு பேச வேண்டும். உன் மனைவியும் மகனும் வந்துவிட்டார்களா?”

“வந்துவிட்டார்கள்.”

“நல்லது. நீ சொன்னதை அந்த அதிகாரி என்னிடம் அப்படியே சொன்னார். ‘எனக்கே வித்தியாசமாகப் பட்டது’ என்றாயாமே. அதுவரை சொன்னார்.”

உள்ளே வதனியும் ஹனானும் எதற்கோ சிரித்தார்கள்.

“அவளுக்குத் தெரியாது” என்றான் நபீல். “தெரியவும் கூடாது. தெரிந்தால் உன் வாசற்படியை மிதிக்க மாட்டாள். அந்த ஊரில் அவளுக்கும் குழந்தைக்கும் இப்போது இருப்பது உன் கதவு ஒன்றுதான். பள்ளி மூடும்வரை அவள் வந்து போகட்டும். அவள் விமானம் ஏறும்வரை நீ நல்லவனாகவே இரு.”

“நபீல்... நான் உன்னிடம்...”

“வேண்டாம். நான் உன்னோடு பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. ஹனானைக் கூப்பிடு.”

கூப்பிட்டேன். அவள் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அரபில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாள். இடையிடையே என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். என்னைப் புகழ்கிறாள் என்று புரிந்தது. மறுமுனையில் அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் என்னை மன்னித்தான் என்று நினைக்கிறீர்களா? நானும் சில காலம் அப்படி நினைக்க முயன்றேன். இல்லை. அவனுக்குத் தன் மனைவியின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. அதற்கு என்னைப் போன்ற ஒருவனைத்தான் நம்ப வேண்டிய நிலையில் இருந்தான். திட்டவும் முடியாத இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன் நான். அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் அவன் சொன்னபடியே நல்லவனாக இருந்தேன். ஹனானைக் கடைக்குக் கூட்டிப்போனேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோது மருத்துவமனையில் காத்திருந்தேன். எவர் பார்த்தாலும் உத்தமன் என்பார்கள். செய்யச் செய்ய உள்ளே ஏதோ அழுகியது.

அவள் போகும் நாளில் விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பத்திரங்களைக் காட்டும் நேரத்தில் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அது என் தோளில் கன்னத்தை வைத்து உறங்கிவிட்டது. திரும்ப வாங்கும்போது ஹனான் வதனியைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், “என் சொந்தச் சகோதரனும் இப்படிச் செய்திருக்க மாட்டான்” என்றாள்.

உண்மைதான். செய்திருக்க மாட்டான்.

பிறகு நாங்களும் வளைகுடாவை விட்டு வந்துவிட்டோம். இப்போது குளிர் நாடொன்றில் இருக்கிறோம். எங்கள் மகனுக்கு ஷார்ஜா நினைவில்லை, யாழ்ப்பாணமும் நினைவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான். மறுபடியும் அந்த அறையில் என்னை உட்காரவைத்தால் உண்மையைச் சொல்வேனா என்று நீங்கள் கேட்டால்... சொல்வேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை.

ஹனான் இன்னும் சனாவில்தான் இருக்கிறாள். பெருநாளுக்குப் பெருநாள் வதனியை அழைப்பாள். இருவரும் தங்களுக்கு மட்டுமே புரியும் அந்த ஆங்கிலத்தில் பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். முடிவில் வதனி தொலைபேசியை என்னிடம் நீட்டுவாள்.

“இந்தாங்கோ, உங்களோடயும் ஒருக்கால் கதைக்கோணுமாம்.”

வாங்குவேன். “நலமா, பாலா சகோதரரே?” என்பாள் ஹனான். நலம் என்பேன். “நபீலும் சலாம் சொல்லச் சொன்னார்” என்பாள். அவன் சொல்லியிருக்க மாட்டான். என் சலாமையும் சொல்லுங்கள் என்பேன்.

அவளுக்குப் பக்கத்து அறையிலோ எங்கோ தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்கும். என் பெயரை அவள் உச்சரித்ததும், ஒவ்வொரு முறையும், யாரோ தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்கள்.